பத்திரத்துக்கு வக்கீல், கடைக்காலுக்கு யார்?

2022 டிசம்பரில் பாம்பன் ரயில் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றது. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பாலம் அது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது 126 கர்டர்களைக் கடலுக்குப் பறிகொடுத்தும், பொறியாளர் ஈ.ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் மறுபடி ரயிலைத் தாங்கிய பாலம். அப்படிப்பட்டதைக் கடைசியில் ஓய்வுக்கு அனுப்பியது துரு. கப்பலுக்கு வழிவிட இரு கைகளாகத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி அரித்துப்போயிருந்தது. பொறியாளர்கள் சோதித்தார்கள், இனி ரயில் விடக்கூடாது என்று முடிவானது, நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் வந்தது இந்த அனுபவத்தால்தான். அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தபடியாக இரும்பை அரிக்கும் காற்று பாம்பனில்தான் என்று பொறியாளர்கள் சொல்வதுண்டு. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது ஊர்க்காரர்கள் சிக்ரி என்று சொல்லும் நிறுவனம், உலோகத் தகடுகளைக் கடல் காற்றில் வைத்து அரிப்பை அளக்க மண்டபத்தில் ஒரு பிரிவையே வைத்திருக்கிறது. பாலத்துக்கு இத்தனை கவனம். அதே காற்றில் நிற்கும் தங்கச்சிமடத்து மாடி வீட்டை ஒருவர் விலை பேசும்போது, அந்த வீட்டுக் கம்பியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

வாங்குகிறவர் அலட்சியமானவர் என்று இதற்கு அர்த்தமில்லை. வக்கீலிடம் மூலப்பத்திரம் போகிறது. 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். பட்டாவில் பெயர் சரியா, சர்வே எண் பொருந்துகிறதா, வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களா என்று குடைந்து குடைந்து கேட்கிறார்கள். முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். 50 லட்ச ரூபாய் வீடு என்றால் பத்திரச் செலவே நாலரை லட்சம். வாசல் எந்தத் திசை என்று பார்க்கவும் ஆள் வருகிறார். ஆனால் வீட்டின் உடம்பைப் பார்க்க வருபவர் பெரும்பாலும் தெரிந்த கொத்தனார் ஒருவர்தான். சுவரை இரண்டு இடத்தில் தட்டிவிட்டு, "கட்டு நல்லாத்தான்ணே இருக்கு, பெயிண்டு அடிச்சாப் போதும்" என்பார். இந்தக் கரையில் அது போதாது. வேறு ஊரில் வீட்டின் ஆயுளைப் பாரமும் மண்ணும் தீர்மானிக்கின்றன என்றால், இங்கே அவற்றோடு உப்பும் சேர்ந்து தீர்மானிக்கிறது. உப்பின் வேலை கண்ணுக்குத் தெரிய வரும்போது பாதி முடிந்திருக்கும். அதற்கு முன்பே அதை அளந்து சொல்லக்கூடிய ஒருவர் கட்டமைப்புப் பொறியாளர். விலை பேசி முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அவருடைய அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

உப்பு என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். காங்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகி, துருவைத் தடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு போதிய அளவில் கம்பியை எட்டிவிட்டால் அந்தப் படலத்தில் ஓட்டை விழுந்துவிடும். பிறகு ஈரமும் காற்றும் இருந்தால் போதும், துரு தொடங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், உள்ளிருந்து நெம்பும். காங்கிரீட் நெம்புதலைத் தாங்காது. கம்பி ஓடும் வழியிலேயே நேர்க்கோடாக ஒரு வெடிப்பு வரும், அதில் பழுப்புக் கறை இறங்கும், ஒருநாள் சன்ஷேடின் அடிப்பக்கம் பொரிந்து விழும். ஒரு கணக்கு: 12 மில்லிமீட்டர் கம்பி துருவில் கரைந்து 10 மில்லிமீட்டர் ஆனால், குறைந்தது 2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பாரம் தாங்கும் குறுக்குப் பரப்பில் அது 30 சதவீத இழப்பு.

இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456 (2000-ஆம் ஆண்டுப் பதிப்பு) கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்று வகைப்படுத்துகிறது. அங்கே குறைந்தது எம்-30 வலிமைத் தரக் காங்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட். கடல் நீர்த்துளி தெறிக்கும் இடமென்றால் எம்-35, 50 மில்லிமீட்டர். 1978-ஆம் ஆண்டுப் பதிப்பில் கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு எம்-15 போதும் என்று இருந்தது. மேஸ்திரிமார்கள் 'ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலு' என்று போடும் கலவை ஏறத்தாழ அதுதான். 1988 அக்டோபரில் பாம்பனில் சாலைப் பாலம் திறந்த பிறகு சிமெண்டும் கம்பியும் லாரியிலேயே ராமேஸ்வரம் தீவுக்கு வர முடிந்தது. அதற்கடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எழும்பிய வீடுகள்தான் இன்று பிள்ளைகள் வெளியூரில் தங்கிவிட விற்பனைக்கு வரும் வயதில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் கவர் பிளாக் என்ற பேச்சே இருந்திருக்காது. கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லித் துண்டை வைத்துத் தூக்கிவிட்டுக் காங்கிரீட் போட்டிருப்பார்கள். அந்த ஜல்லியின் தடிமன்தான் உப்புக்கும் கம்பிக்கும் இடையிலான தூரம்.

ராமேஸ்வரம் தீவில் ஒரு வீடு எந்தப் பக்கம் முகம் திருப்பினாலும் தப்பிக்க இடமில்லை. வாடைக் காலத்தில் வடகடலான பாக் நீரிணையிலிருந்தும், தென்மேற்குக் காற்றில் தென்கடலான மன்னார் வளைகுடாவிலிருந்தும் உப்புக் காற்று அடிக்கிறது. கீழே மணல், மணலுக்கடியில் ஆழமில்லாத நல்ல தண்ணீர், அதற்கும் கீழே உப்புத் தண்ணீர். கடைக்காலில் ஏறும் ஓதம் சுவருக்குள் உப்பைச் சுமந்துகொண்டு போய், தண்ணீர் ஆவியானதும் உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. பூச்சில் வெள்ளையாகப் பூத்து உதிர்வது அதுதான். விற்பவர் அதன்மேல் புட்டி தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் ஆறு மாதம் தெரியாது. முழுக்க நிலத்தடி நீரில் மூழ்கிக் கிடக்கும் காங்கிரீட்டில் துரு மெதுவாகவே நடக்கும், ஏனென்றால் அங்கே ஆக்சிஜன் போதாது. அழிவு வேகமாக நடப்பது நனைவதும் காய்வதுமாக இருக்கும் பட்டையில்: தரைக்குச் சற்றுக் கீழே தொடங்கி பேஸ்மட்டத்துக்கு மேல் ஒன்றிரண்டு அடி வரை. பில்லரின் காலும் பிளிந்த் பீமும் இருக்கும் இடம் அது. மண்ணும் டைல்ஸும் மூடியிருக்கும் இடமும் அதுவே.

மண்டபத்தைத் தாண்டி மேற்கே வந்தால் பிரச்சினையின் முகம் மாறுகிறது. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கத்துக் கரிசல், மழையில் ஊதிக் கோடையில் சுருங்கும். ஆழம் குறைந்த கடைக்கால் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். கதவு மழைக்காலத்தில் இடிப்பதும் பங்குனியில் சரியாவதும் மரத்தின் குணமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. வைகை வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயைச் சுற்றிய வண்டல், தேவிபட்டினம் பக்கத்து உவர் நிலம், மேடாக்கி பிளாட் போட்ட பள்ளங்கள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நடத்தை உண்டு. கரிசலுக்கு, அடியில் குமிழ் போல விரியும் பைல் கடைக்காலை ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ உருவாக்கித் தந்துவிட்டது. வாங்கப்போகும் வீட்டின் கீழே அது இருக்கிறதா என்பது, தோண்டிப் பார்க்கும் வரை விற்பவரின் வாய்ச்சொல் மட்டுமே.

பொறியாளர் வந்து செய்யும் வேலையில் முதல் பாதி வெறும் பார்வை. ஆனால் அது வேறு பார்வை. செங்கல் சுவரில் படிப்படியாகச் சாய்ந்து ஏறும் வெடிப்பா, அது மேலே அகலமா கீழே அகலமா, பழைய வெடிப்பா, பூசிய பிறகும் திறந்ததா என்று பார்ப்பார். கடைக்காலின் ஒரு மூலை இறங்கியிருந்தால் வெடிப்பின் திசையே அந்த மூலையைக் காட்டிக்கொடுக்கும். டியூப்பில் தண்ணீர் நிரப்பி நான்கு மூலையிலும் பேஸ்மட்டத்தின் மட்டம் பிடிப்பார். கழிவுநீர்த் தொட்டி எங்கே, மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது என்று கேட்பார். மணலில் கடைக்கால் ஓரமாகத் தண்ணீர் ஓடினால் மணல் அதோடு போகும். 2024 நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அது போன்ற மழைக்குப் பிறகு எந்தெந்த மூலையில் தண்ணீர் நின்றது என்பதைப் பக்கத்து வீட்டில் விசாரிப்பதும் அவர் வேலையில் சேர்ந்ததுதான்.

இரண்டாவது பாதியில் தோண்ட வேண்டும். ஒரு பில்லர் ஓரமாக ஆள் இறங்கி நிற்குமளவு ஒரு குழி, ஃபூட்டிங் தெரியும்வரை. ஃபூட்டிங்கின் அகலம் என்ன, எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது, அடியில் இறுகிய மண்ணா கொட்டிய மண்ணா, தண்ணீர் எத்தனை அடியில் ஊறுகிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். பிறகு பில்லரின் காலில் சிறு துண்டு கவரைக் கொத்தி எடுத்துக் கம்பியைத் திறப்பார். கம்பி ப்ரஷால் துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வைத்து மிச்சமிருக்கும் இரும்பை அளப்பார். கொத்திய இடத்தில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் காங்கிரீட் பளீரென்று ரோஜா நிறமாகும். காரம் செத்த பகுதி நிறம் மாறாமல் கிடக்கும். நிறமற்ற விளிம்பு கம்பியைத் தாண்டியிருந்தால் காப்பு போய்விட்டது என்று அர்த்தம். தாமிர சல்பேட் மின்முனை வைத்துக் கம்பியின் மின்னழுத்தமும் பார்க்கலாம். மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு. ஈரம் ஊறிய இடத்தில் இந்த அளவீடு ஏமாற்றும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பிரிங் சுத்தியலை மட்டும் நாலு இடத்தில் அடித்துவிட்டு எண்ணை எழுதித் தருபவர்களை நம்பி இந்தக் கரையில் வீடு வாங்க முடியாது. அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும். உள்ளே உப்பு இருப்பது அதற்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை, பார்க்க மிகச் சாதாரணமானது. டிரில் போட்டுக் காங்கிரீட் தூளைச் சேகரிப்பது. ஒரே துளையில் முதல் ஒன்றரை சென்டிமீட்டர் தூள் ஒரு பையில், அடுத்தது இன்னொன்றில், கம்பி ஆழத்துத் தூள் மற்றொன்றில் என்று தனித்தனியாகக் கட்டி, ஆய்வகத்தில் குளோரைடு பார்க்க வேண்டும். வெளியே அதிகமாகவும் உள்ளே போகப்போகக் குறைவாகவும் இருந்தால், உப்பு காற்றிலும் ஓதத்திலும் வந்தது. இன்னும் கம்பியை எட்டவில்லையென்றால் தடுக்க வழி இருக்கிறது. வெளியிலும் உள்ளிலும் ஒரே அளவாக, அதிகமாக இருந்தால், கலவை போட்ட தண்ணீரோ மணலோ உப்பு. அந்த வீடு பிறக்கும்போதே நோயோடு பிறந்திருக்கிறது; அதற்கு மலிவான வைத்தியம் கிடையாது. ஐ.எஸ். 456 அனுமதிப்பது ஒரு கன மீட்டர் காங்கிரீட்டுக்கு 0.6 கிலோ குளோரைடு. கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் இருக்கிறது. நாற்பது குடம் நல்ல தண்ணீரில் ஒரு குடம் கடல் தண்ணீர் சேர்ந்தாலே எல்லையைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடும். நல்ல தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்க வேண்டிய ஊரில், வீட்டுக்குப் பின்னாலேயே போரில் உவர்நீர் வரும்போது, கட்டியவர் எதை எடுத்திருப்பார் என்பதை ஊகிப்பதைவிட அளப்பது நல்லது. இது கடலோர நோய் மட்டுமல்ல. 2022 பிப்ரவரியில், கடலே இல்லாத குருகிராமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பகுதி இடிந்து இருவர் இறந்தார்கள். அங்கே டெல்லி ஐ.ஐ.டி. கண்டதும் காங்கிரீட்டிலேயே கலந்திருந்த குளோரைடைத்தான்.

இதற்கெல்லாம் ஊரில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "நூறு வருஷ வீடு இங்க அசையாம நிக்குது, அப்ப எந்த இன்ஜினியர் வந்து பார்த்தார்?" கேள்வி நியாயமானது. ராமேஸ்வரம் மசூதித் தெருவில் அப்துல் கலாம் வளர்ந்த வீடு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்புக் கல்லாலும் செங்கல்லாலும் கட்டியது. தனுஷ்கோடியில் கூரை போன தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள் அறுபது ஆண்டுகளாக உப்புக் காற்றில் நிற்கின்றன. ஆனால் இந்தச் சாட்சிகளை யார் பக்கம் சேர்ப்பது என்று யோசிக்க வேண்டும். அந்தச் சுவர்களுக்குள் கம்பி கிடையாது. உப்பு ஏறினால் பூச்சு உதிரும், கல்லின் முகம் பொடியும். உள்ளிருந்து நெம்பித் தள்ள எதுவும் இல்லை. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி ஈரத்தை விடும். கம்பியை நம்பி நிற்கும் வீடு வேறு சாதி. முன்னதன் ஆயுளை வைத்துப் பின்னதற்கு ஜாதகம் எழுத முடியாது. தவிர, நிற்கும் பழைய வீடுகளை மட்டும்தான் நாம் எண்ணுகிறோம். விழுந்தவற்றின் மனையில் இப்போது வேறு வீடு இருக்கிறது. இன்று பவளக்கல்லுக்குத் திரும்பவும் முடியாது. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பில் இருக்கின்றன.

வங்கி ஆள் வந்து பார்த்துவிட்டாரே என்பது இன்னொரு சமாதானம். வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது, கடன் திரும்பாவிட்டால் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதை. அவர் குழி தோண்டுவதில்லை. தோண்டச் சொல்லி அவரை யாரும் அனுப்பவும் இல்லை. புது வீடுதானே என்றால், 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டச் சுயசான்றே போதும். எளிமையான, வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் கட்டும்போது வேறொரு கண் பார்த்திருக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ரியல் எஸ்டேட் சட்டம் (2016) கட்டமைப்புக் குறைக்கு ஐந்து ஆண்டுப் பொறுப்பைக் கட்டுமான நிறுவனத்தின் மேல் சுமத்துகிறது. தனி ஆளிடம் கைமாறி வாங்கும் பழைய வீட்டுக்கு அந்தக் குடை எட்டாது.

மண் விலைக்குத்தான் வாங்குகிறோம், வீடு சும்மா வருகிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மையிலேயே அப்படியென்றால் பொறியாளர் தேவையில்லை. இடிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசினால் போதும். ஆனால் கடலையொட்டிய மனையில் இடித்தால் நினைத்தபடி திரும்பக் கட்டலாம் என்று நம்பிவிடக் கூடாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் ஓத எல்லையிலிருந்து அளந்து கட்டுப்பாடுகள் வைத்திருக்கின்றன. செலவைப் பொறுத்தவரை, சோதனைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி கூடும் குறையும். எப்படிக் கூட்டினாலும் அந்த நாலரை லட்சப் பத்திரச் செலவில் சிறு துண்டுதான்.

வலுவான தடை விற்பவரிடமிருந்து வரும். "தோண்டினா, வீட்டுல ஏதோ கோளாறுன்னு தெருவுல பேச்சாயிடும்" என்பார். அந்தப் பயம் பொய்யில்லை. இந்த வியாபாரம் முறிந்தால் அடுத்தவர் விலையைக் குறைத்துக் கேட்பார். ஆகவே மறுப்பவர் எல்லாரும் மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்வது அநியாயம். பின்பக்கம் ஒரே ஒரு குழி, கொத்திய இடத்தை வாங்குபவர் செலவில் மூடிப் பூசித் தருவது, அறிக்கையின் ஒரு பிரதியை விற்பவருக்கும் கொடுப்பது என்று பேசிப் பார்க்கலாம். நல்ல அறிக்கை வந்தால் அது அவருக்கும் விற்பனைச் சரக்குதானே. அதற்கும் ஒப்பவில்லையென்றால், தெரியாத கடைக்காலுக்கு என்ன விலையோ அந்த விலைதான்.

பொறியாளர் சொன்னால் மட்டும் வீடு நின்றுவிடுமா என்று கேட்கலாம். நிற்காது. மயாமிக்குப் பக்கத்துச் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24-இல் கடற்கரையோர அடுக்குமாடி ஒன்று சரிந்து 98 பேர் இறந்தார்கள். 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை அங்கே நீச்சல்குளத் தளத்தின் சேதத்தை எழுதியிருந்தது; பெரிய பழுதுபார்ப்பு தொடங்குவதற்குள் கட்டடம் போய்விட்டது. மறு ஆண்டே புளோரிடா, மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள பழைய அடுக்குமாடிகளுக்குக் காலமுறைச் சோதனையைச் சட்டமாக்கியது. அறிக்கை பலன் தருவதும் தராததும் அதை என்ன கேட்டு வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது. 'கட்டடம் நல்ல நிலையில் உள்ளது' என்ற ஒற்றை வரிக்குப் பணம் கொடுக்கக் கூடாது. எந்த பில்லரைத் திறந்தார், எதைத் திறக்கவில்லை, கம்பியில் மிச்சம் எவ்வளவு, ஒவ்வொரு ஆழத்திலும் குளோரைடு எவ்வளவு, இப்போது பழுதுபார்த்தால் என்ன செலவு, விட்டுவிட்டால் எது முதலில் போகும், மேலே ஒரு மாடி ஏற்றலாமா என்பது எழுத்தில் வர வேண்டும். பழுதுபார்க்கும் காண்ட்ராக்டையும் அவரே எடுப்பவராக இருந்தால் வேறு ஆளைத் தேடுவது நல்லது. தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் (2019) கட்டமைப்புப் பொறியாளருக்கும் மண் பொறியாளருக்கும் தனித்தனிப் பதிவு வைத்திருக்கின்றன. பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ராமநாதபுரத்தில் ஆள் அமையாவிட்டால் மதுரை தியாகராசர், காரைக்குடி அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகளில் விசாரிக்கலாம்.

காலமும் முக்கியம். கோடையில் பார்த்தால் குழி காய்ந்து கிடக்கும், ஓதம் இறங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது பார்ப்பது உத்தமம். அவசரமாக வாங்க வேண்டியிருந்தால், அறிக்கையில் மாதத்தைக் குறிக்கச் சொல்ல வேண்டும். கூடவே விற்பவரிடம் சில கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம்: கலவைக்கு எந்தத் தண்ணீர், எந்த ஆண்டு எங்கே பழுது பார்த்தது, எந்த வெடிப்பைப் பூசியது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத, தனக்குத் தெரிந்த பெருங்குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. எழுத்தில் பதில் இருந்தால் அந்தப் பிரிவுக்குப் பல் உண்டு. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படிக்காமல் கிரயம் செய்தவருக்கோ, தெரியாது என்று பின்னால் சொல்ல அதே பிரிவில் இடம் இருக்காது.